கெல்சி மிட்செலும் மற்றவர்களும்: இண்டியானா ஃபீவர் எழுந்து நின்ற விதம்

2022ஆம் ஆண்டு பருவம் முடிந்தபோது இண்டியானா ஃபீவர் அணியின் கணக்கு 5 வெற்றி, 31 தோல்வி. கடைசி 18 ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அடுத்த ஆண்டின் முதல் இரண்டு ஆட்டங்களும் போயின. மொத்தம் 20 தொடர் தோல்விகள். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் அதுவரை இருந்த மிக மோசமான தோல்வி வரிசைக்குச் சமம். 2023 மே 28 அன்று அட்லாண்டாவில் 90-87 என்று ஜெயித்துத்தான் அதிலிருந்து மீண்டார்கள்.

2025 செப்டம்பர் இறுதியில் அதே அணி லாஸ் வேகஸ் ஏசஸுக்கு எதிரான அரையிறுதியில் ஐந்தாவது ஆட்டத்தின் கூடுதல் நேரம் வரை போனது. இடையில் மூன்றே பருவங்கள்.

எப்படி என்று கேட்டால் பலரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: 2024இல் கல்லூரியிலிருந்து வந்த கேட்லின் கிளார்க். பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்தும் பாயிண்ட் கார்டு அவர். அந்தப் பதில் தவறில்லை. ஆனால் போதாது. 2025இல் கிளார்க் ஆடியது 44 ஆட்டங்களில் 13 மட்டும். ஜூலை நடுவில் தொடை இடுக்கில் காயம்பட்டு வெளியேறியவர் அந்தப் பருவத்தில் திரும்பவே இல்லை. அவர் இல்லாமல்தான் அரையிறுதி வந்தது. அப்படியானால் களத்தில் எதைத் தாங்கிப் பிடித்தது யார் என்று ஒவ்வொருவராகப் பார்த்தால்தான் இந்த அணியின் மீட்சி புரியும். இந்திய நேரத்துக்கு விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும் இந்த ஆட்டங்களை எழுந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

வீழ்ச்சி

ஃபீவர் எப்போதும் கீழே கிடந்த அணி அல்ல. தமிகா கேட்சிங்ஸ் இருந்த காலத்தில் 2005 முதல் 2016 வரை 12 ஆண்டுகள் தொடர்ந்து பிளேஆஃப், அதாவது பருவ முடிவில் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்று, ஆடியது. 2012இல் லின் டன் பயிற்சியில் மினசோட்டா லிங்ஸை 3-1 என வென்று கோப்பையையும் எடுத்தது. 2016 முடிந்ததும் கேட்சிங்ஸ் ஓய்வு பெற்றார். அதன்பின் ஆறு பருவங்களைக் கூட்டினால் 45 வெற்றி, 147 தோல்வி.

பலர் சொல்லும் விளக்கம் எனக்கு உடன்பாடில்லாதது இங்கேதான். "தோற்றால் டிராஃப்டில் முன்னிடம் கிடைக்கும், முன்னிடம் கிடைத்தால் நல்ல வீராங்கனை வருவார், அணி தானாக எழுந்துவிடும்" என்பது அந்த விளக்கம். டிராஃப்ட் என்பது புதிதாக வரும் வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. ஃபீவருக்கு டிராஃப்டில் 2018இல் 2ஆம் இடம், 2019இல் 3, 2020இல் 3, 2021இல் 4, 2022இல் மறுபடி 2. ஐந்தாண்டு வரிசையாக முதல் நான்கு இடங்களுக்குள் தேர்வு செய்த அணிதான் அந்த 5-31ஐக் கண்டது. திறமைசாலிகள் வந்தார்கள். வந்தவருக்கு என்ன வேலை என்பதுதான் தீர்மானமாகவில்லை. 2020இல் வந்த லாரன் காக்ஸ் இரண்டாவது பருவத்தின் நடுவிலேயே விடுவிக்கப்பட்டார். 2021இல் நான்காவதாக எடுக்கப்பட்டவர் ஒரு பருவத்துக்கு மேல் நிலைக்கவில்லை. 2019இல் வந்த, கூடைக்கருகே ஆடும் உயரமான சென்டர் டீயாரா மெக்கவன் 2022இல் பரிமாற்றத்தில் டல்லாஸ் அணிக்குப் போனார்.

அந்தக் கடைசிப் பரிமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கைக்கு வந்த ஒரு டிராஃப்ட் இடம்தான் பின்னால் லெக்ஸி ஹல் என்ற வீராங்கனை ஆனது.

கெல்சி மிட்செல்

இந்த ஆய்வின் நடுவில் நான் வைப்பது கிளார்க்கை அல்ல, மிட்செலை. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து 2018இல் இரண்டாவது தேர்வாக வந்தவர். ஐந்து பயிற்சியாளர்களின் கீழ் ஆடியிருக்கிறார். முதல் பிளேஆஃப் ஆட்டத்தை ஏழாவது பருவத்தில்தான் பார்த்தார். 2020 முதல் 2023 வரை அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 18 புள்ளிகளை ஒட்டியே இருந்தது. அணியோ தோற்றுக்கொண்டே இருந்தது.

தோற்கிற அணியில் நிறையப் புள்ளி எடுப்பவரை "வெத்து எண்கள்" என்று தள்ளிவிடுவது கூடைப்பந்து ரசிகர்களின் வழக்கம். மிட்செலையும் அப்படித்தான் பல ஆண்டுகள் பேசினார்கள். அது அநியாயம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அவர் பந்தைத் தொட்டதும் எதிரணியின் இரண்டு பேர் அவரை நோக்கி வருவார்கள். பக்கத்தில் மூன்று புள்ளி ஷாட்டால் பயமுறுத்தக்கூடியவர் யாரும் இல்லை. உள்ளே பந்து வாங்கி முடித்துத் தரும் ஆளும் நிலையாக இல்லை. ஷாட் எறிய அனுமதித்த நேரத்தை எண்ணும் ஷாட் கடிகாரத்தில் ஐந்து விநாடி மிச்சமிருக்கும்போது பந்து அவரிடம் வரும், எப்படியாவது ஒரு ஷாட்டை உண்டாக்க வேண்டும். தாக்குதலைத் தொடங்குவது, நடத்துவது, முடிப்பது என மூன்று வேலையும் ஒருவர் தலையில்.

அவர் இயல்பில் முடிப்பவர். ஓடிக்கொண்டே பந்தை வாங்கி, கால் தரையில் ஊன்றுமுன் திசை மாற்றி, இடது கையால் விடுவிப்பவர். அந்த வேலை மட்டும் அவருக்குக் கிடைக்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளார்க் பந்தைக் கொண்டுவர ஆரம்பித்ததும் மிட்செல் எதிர்ப்பக்க விளிம்புக்கு நகர்ந்தார். எதிரணியின் கவனம் முழுக்க மறுபக்கம் சாய்ந்திருக்கும்போது பந்து அவரை வந்து சேரும். 2024இல் சராசரி 19.2. புள்ளிக்கணக்கில் முந்தைய ஆண்டுகளைவிட ஒன்றுதான் கூடுதல். ஆனால் அந்தப் புள்ளிகள் வந்த விதம் வேறு. முன்பு அணியின் திட்டம் உடைந்த பின் கிடைத்தவை, இப்போது திட்டத்தின் முடிவாக வந்தன.

அந்த 2024 மார்ச்சில்தான் அவர் தந்தையை இழந்தார். தந்தை கூடைப்பந்துப் பயிற்சியாளர். அந்தத் துக்கத்தோடு ஆடிய பருவம் அது என்பதைத் தவிர்த்துவிட்டு அந்த எண்களைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

பாஸ்டன் வந்த பிறகு

2023இல் அலீயா பாஸ்டனை முதல் தேர்வாக எடுத்தார்கள். அணியின் வரலாற்றில் டிராஃப்டில் முதலிடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரி 14.5 புள்ளி, 8.4 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பது), 57.8 சதவீத ஷாட் துல்லியம். ஆண்டின் சிறந்த புதுமுகம் என ஒருமனதாகத் தேர்வானார். அணி 13 வெற்றிகள் பெற்றது.

பாஸ்டனின் பங்கை ரீபவுண்ட் எண்ணில் தேடினால் பாதிதான் கிடைக்கும். அவருடைய முதல் வேலை ஸ்கிரீன் போடுவது. பந்து வைத்திருப்பவரைத் துரத்தும் ஆளின் வழியில் உடம்பை நிறுத்தி அரை விநாடி வாங்கிக் கொடுப்பது. பள்ளி அணியில் ஆடியவர்களுக்குத் தெரியும், இந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது, விலாவில் வலி மட்டும் மிஞ்சும். ஸ்கிரீன் போட்டுவிட்டு அவர் கூடை நோக்கித் திரும்பும்போது கிளார்க்கை மறிக்க இரண்டு பேர் முன்னால் போயிருப்பார்கள். பந்து பாஸ்டன் கையில் விழும். எதிரில் மூன்று பேர், தன் பக்கம் நான்கு பேர். அந்த இடத்தில் அவசரப்படாமல் பார்த்து, மூலையில் தனியாக நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டில் 2.2 ஆக இருந்த அவருடைய அசிஸ்ட் (சக வீராங்கனை புள்ளி எடுக்க வழிவகுத்த பாஸ்) சராசரி 2024இல் 3.2, 2025இல் 3.7. ஓர் அணியின் தாக்குதல் முதிர்ந்ததை அளக்க எனக்கு மிகப் பிடித்த எண் அதுதான்.

கிளார்க்கின் முதல் 9 ஆட்டங்கள்

2024 மே 14 அன்று கிளார்க்கின் முதல் ஆட்டம். கனெக்டிகட் சன் அணியிடம் 92-71 என்று தோல்வி. அவர் 20 புள்ளி எடுத்தார், 10 முறை பந்தை இழந்தார். அணி முதல் 9 ஆட்டங்களில் ஒன்றைத்தான் ஜெயித்தது.

அந்த வாரங்களில் என்ன கோளாறு என்று திரும்பிப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. கிளார்க்கின் பாஸ் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வரும். எதிரணி மட்டுமல்ல, சக வீராங்கனைகளும் எதிர்பார்க்கவில்லை. பந்து கையில் பட்டு வெளியே போனது. ஓடியிருக்க வேண்டியவர் நின்றார், நிற்க வேண்டியவர் ஓடினார். அட்டவணை நெருக்கமாக இருந்ததால் பயிற்சிக்கு நாளே இல்லை. ஒலிம்பிக் இடைவேளைக்குமுன் அணி 11-15. ஒரு மாத இடைவேளையில் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். அதன்பின் 9-5. மொத்தம் 20-20, எட்டு ஆண்டுகளில் முதல் பிளேஆஃப். கிளார்க்கின் 337 அசிஸ்ட் ஒரு பருவத்துக்கான அப்போதைய லீக் சாதனை, ஒரே ஆட்டத்தில் கொடுத்த 19ம் லீக் சாதனையே. பந்து இழப்பிலும் அவரே லீக் சாதனை வைத்தார், 223. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். துணிச்சலான பாஸ் கொடுப்பவரிடம் இரண்டும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன.

இந்த இடத்தில் எரிகா வீலரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டிராஃப்டில் யாருமே எடுக்காத நிலையிலிருந்து மேலே வந்து, லீகின் நட்சத்திரங்கள் ஆடும் 2019 ஆல்ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை ஆனவர். 2023இல் அணியின் தொடக்கப் பாயிண்ட் கார்டு. 2024இல் அந்த இடம் கல்லூரியிலிருந்து வந்த 22 வயதுப் பெண்ணுக்குப் போனது. வீலர் பெஞ்சுக்குப் போனார். போனவர் ஒவ்வொரு இடைநிறுத்தத்திலும் கிளார்க் பக்கத்தில் வந்து நின்று பேசுவதைத் திரையில் காணலாம். அணியின் புள்ளி அட்டையில் அவர் பெயருக்கு எதிரே சின்ன எண்களே இருக்கும். சொந்த இடத்தைப் பறிகொடுத்தவர் கசந்துபோனால் ஒரு அறை முழுவதும் கசந்துபோகும். அது நடக்கவில்லை.

பொருந்தாமல் போனவர்கள்

மீண்டு எழும் அணியின் கதையில் வெளியேறியவர்களுக்கும் இடம் வேண்டும். 2022 டிராஃப்டில் ஃபீவர் முதல் சுற்றிலேயே நான்கு பேரை எடுத்தது: நலிசா ஸ்மித் (2), எமிலி எங்ஸ்ட்லர் (4), லெக்ஸி ஹல் (6), குவீன் எக்போ (10). 2025இல் மிஞ்சியவர் ஹல் மட்டும்.

நால்வரில் அதிகத் திறமை ஸ்மித்துக்குத்தான் என்று நான் இன்றும் நினைக்கிறேன். 2023இல் 15.5 புள்ளி, 9.2 ரீபவுண்ட். ஆனால் அவரும் பாஸ்டனும் வேலை செய்ய விரும்பியது கூடைக்கருகே அதே பத்தடியில். 2024இல் அவர் சராசரி 10.6க்கு இறங்கியது. திறமை குறைந்ததால் அல்ல, நிற்க இடம் குறைந்ததால். 2025 தொடக்கத்தில் பல அணிகள் சேர்ந்த ஒரு பரிமாற்றத்தில் அவர் டல்லாஸுக்குப் போனார். அதே பரிமாற்றத்தில் ஃபீனிக்ஸிலிருந்து சோஃபி கன்னிங்ஹாம் வந்தார். புள்ளிச் சராசரியைப் பார்த்தால் நஷ்டக் கணக்கு. ஆனால் கன்னிங்ஹாம் மூலையில் நின்று மூன்று புள்ளி எறிபவர். அவர் அங்கே நின்றாலே பாஸ்டனுக்கு உள்ளே இடம் திறக்கும்.

மூத்தவர்களிலும் பொருந்தாதவர் இருந்தார். இரண்டு கோப்பை வென்ற டிவானா பானரை 2025இல் சேர்த்தார்கள். முதலில் தொடக்க ஐவரில், பிறகு பெஞ்சில், 9 ஆட்டங்களோடு ஜூனில் பிரிந்தார். இரு தரப்பும் பொருத்தம் அமையவில்லை என்று சொல்லியே பிரிந்தன. இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. புகழ்பெற்ற பெயர் ஒன்று, காலியிடம் ஒன்று, இரண்டும் ஒரே வடிவத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

நட்டாஷா ஹோவர்டுக்குப் பொருந்தியது. 2014இல் ஃபீவர்தான் அவரை டிராஃப்டில் எடுத்தது. பிறகு வேறு அணிகளில் மூன்று கோப்பை, 2019இல் லீகின் சிறந்த தடுப்பு வீராங்கனை விருது. 2025இல் திரும்பி வந்தார். பாஸ்டன் கூடையைக் காக்க, இவர் வெளியே வந்து வேகமானவர்களைத் துரத்த, இருவரின் எல்லை மோதவில்லை.

இதன் பின்னாலுள்ள பணக்கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2025இல் ஓர் அணி மொத்தச் சம்பளமாகக் கொடுக்க அனுமதி இருந்தது சுமார் 15 லட்சம் டாலர். கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் அதில் சுமார் 78,000 டாலர்தான். டிராஃப்டில் வந்தவர்களுக்குச் சம்பளம் விதிப்படி குறைவு. மிட்செலுக்கு அதிகபட்சமான சுமார் 2,49,000 டாலர். பாஸ்டனும் கிளார்க்கும் மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் சில ஆண்டுகள்தான் மூத்தவர்களை வாங்க அணிக்குக் கிடைத்த சாளரம். கிளார்க்கைப் பார்க்க 2024இல் சொந்த அரங்குக்கு ஆட்டத்துக்குச் சராசரி 17,000 பேர் வந்தார்கள். அவர் வாங்கிய சம்பளத்தையும் அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது.

லெக்ஸி ஹல்

முதல் ஆண்டில் ஹல் கூடையில் பந்து போட முடியாமல் திணறினார். ஸ்டான்ஃபோர்டில் 2021 தேசியக் கோப்பை வென்றவர். ஆறாவது தேர்வு வீண் என்று பேசினார்கள். 2024இல் அவருடைய மூன்று புள்ளி ஷாட் துல்லியம் 47.1 சதவீதம். அத்தனைக்கும் சராசரி 5.5 புள்ளிதான். அதாவது குறைவாகவே எறிகிறார், எறிந்தால் விழுகிறது. கிளார்க்கும் பாஸ்டனும் உண்டாக்கிக் கொடுக்கும் இடைவெளியில் நின்று, வந்த பந்தை எறிந்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்ற வேலையை அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டார்.

மறுமுனையில் அவர் வேலை இன்னும் கடினம். எதிரணியின் மிக ஆபத்தான கார்டை (கூடைக்கு வெளியே பந்தை நடத்துபவரை) துரத்துவது அவர். கிளார்க்கையும் மிட்செலையும் அந்தச் சுமையிலிருந்து விடுவிப்பது அவர். தரையில் உருளும் பந்துக்கு முதலில் விழுவது அவர். 2025 பருவத்தின் கடைசி வாரங்களில் தலையோடு தலை மோதி இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிப்போன முகத்தோடு ஆடினார். மெக்கவனைக் கொடுத்து வாங்கிய இடம் வீணில்லை என்பது தெரிய மூன்று ஆண்டு பிடித்தது. ஓர் அணிக்கு அந்தப் பொறுமை இருப்பது அபூர்வம். முந்தைய ஆண்டுகளில் இதே அணிக்கு அது இருக்கவில்லை.

2025: ஆள் போனாலும் வேலை போகாமல்

2024 பிளேஆஃபில் ஃபீவரை 2-0 என வெளியேற்றிய கனெக்டிகட் அணியின் பயிற்சியாளர் ஸ்டெஃபனி வைட். சில வாரங்களில் ஃபீவர் அவரையே அழைத்து வந்தது. இண்டியானாவில் வளர்ந்தவர், 2012 கோப்பை அணியின் உதவிப் பயிற்சியாளர், 2015இல் ஃபீவரை இறுதிப் போட்டிக்குக் கூட்டிப்போனவர். ஃபீவரை எது சிரமப்படுத்தியது என்று எதிரில் நின்று பார்த்த ஒருவரை அழைத்து வந்தது நல்ல முடிவு.

2025 ஜூலை 1 அன்று மினியாபோலிஸில், பருவத்தின் நடுவே நடக்கும் தனிப் போட்டியான கமிஷனர்ஸ் கோப்பையின் இறுதி. கிளார்க் ஆடவில்லை. மினசோட்டாவை 74-59 என்று அடக்கினார்கள். 16 புள்ளி, 12 ரீபவுண்டோடு ஹோவர்ட் ஆட்ட நாயகி. இந்த அணி கிளார்க் இல்லாமல் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அது முதல் பதில்.

பிறகு வந்தது அடிமேல் அடி. கிளார்க் போனதும் பாயிண்ட் கார்டு வேலையை ஆரி மெக்டொனால்ட் ஏற்றார். அவரே ஜூனில் காயக்கால அவசர ஒப்பந்தத்தில் வந்து, விடுவிக்கப்பட்டு, பானர் போன இடத்தில் திரும்ப அழைக்கப்பட்டவர். ஆகஸ்ட் 7 அன்று ஃபீனிக்ஸில் நடந்த ஒரே ஆட்டத்தில் மெக்டொனால்டின் பாதம் முறிந்தது, சிட்னி கோல்சனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பத்து நாள் கழித்து கனெக்டிகட்டில் கன்னிங்ஹாமின் முழங்காலும் போனது. அந்த ஆட்டத்தில் 21 புள்ளி பின்தங்கியிருந்த ஃபீவர் கூடுதல் நேரத்தில் 99-93 என்று ஜெயித்தது. மிட்செல் 38 புள்ளிகள்.

லீகின் விதிப்படி ஆடத்தக்க வீராங்கனைகள் பத்துப் பேருக்குக் குறைந்தால் அணி வெளியிலிருந்து தற்காலிகமாக ஆள் எடுக்கலாம். அப்படித்தான் ஒடிசி சிம்ஸ் வந்தார். 2014 டிராஃப்டில் ஹோவர்டுக்கும் முன்னால், இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். ஷே பெட்டியும் இந்தக் காலத்தில் சேர்ந்தார். புதிதாக வந்தவர்களிடம் அணி கிளார்க்கின் ஆட்டத்தைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பதடியிலிருந்து எறியச் சொல்லவில்லை. தாக்குதலின் மையத்தை வைட் இடம் மாற்றினார். பந்து முதலில் ஃப்ரீத்ரோ கோட்டருகே நிற்கும் பாஸ்டனிடம் போகும். மிட்செல் அவரைச் சுற்றி ஓடி, கையிலிருந்து கைக்குப் பந்தை வாங்கி வெடிப்பார். பாயிண்ட் கார்டின் வேலை பந்தைப் பத்திரமாகக் கொண்டுவருவதும் எதிரணியின் கார்டைத் தொல்லைப்படுத்துவதும் மட்டும். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்கு வேலையை வெட்டிக் கொடுத்தார்.

அந்தப் பருவத்தில் 44 ஆட்டங்களிலும் ஆடியவர் மிட்செல். சராசரி 20.2, ஆண்டின் சிறந்தவர்களைக் கொண்ட லீகின் முதல் ஐவர் அணியில் இடம். பாஸ்டன் இரண்டாம் ஐவரில். அணி 24-20.

பிளேஆஃப் முதல் சுற்றில் அட்லாண்டாவோடு மூன்றாவது ஆட்டம், அட்லாண்டாவில். கடைசி இரண்டு நிமிடங்களில் ஐந்து புள்ளி பின்னால். 7.4 விநாடி மிச்சமிருக்க பாஸ்டன் கூடைக்கடியில் பந்தைப் போட்டு முன்னிலை வாங்கினார். அட்லாண்டா பந்தை உள்ளே எறிந்தபோது பறித்தவர் ஹல். 87-85. அந்த இரண்டு செயல்களில் இந்த அணியின் மூன்றாண்டு உழைப்பு அடங்கியிருந்தது. காலையில் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போன எனக்கு அன்று முழுவதும் வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

லாஸ் வேகஸில் அரையிறுதியின் முதல் ஆட்டத்தை மிட்செலின் 34 புள்ளிகள் 89-73 என்று வாங்கிக் கொடுத்தன. தொடர் 2-2 ஆகி ஐந்தாவது ஆட்டத்துக்குப் போனது. மூன்றாம் கால் பகுதியில் மிட்செல் தரையில் விழுந்தார், கால்களை அசைக்க முடியவில்லை. உடல் தாங்கும் எல்லையைத் தாண்டி உழைத்ததால் தசை சிதைந்து இரத்தத்தில் கலக்கும் நிலை என்று பின்னர் தெரிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எட்டு ஆண்டுகளில் மிட்செல் ஆடிய மிகப் பெரிய ஆட்டத்தின் மீதியை அவர் இல்லாமல் ஆட வேண்டியதாயிற்று. முறையான நேரம் முடியும் தறுவாயில் பாஸ்டன் ஆறாவது ஃபவுலோடு வெளியேறினார். அப்படியும் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கடைசியில் 107-98 என்று லாஸ் வேகஸ் ஜெயித்தது. அந்த ஆண்டுக் கோப்பையும் அவர்களுக்கே.

அன்று ஃபீவரின் அதிகபட்சப் புள்ளி ஒடிசி சிம்ஸுடையது, 27. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவருக்கு இந்த லீகில் அணியே கிடையாது.